தீபாவளிப் பெட்டி வந்தால் பதிவேட்டில் என்ன எழுதுவது?

தொழில் தொடர்பில் ஊழியர்கள் வாங்கும், கொடுக்கும் பரிசுகளை எழுதிவைப்பது பரிசுப் பதிவேடு. அதைப் பெரும்பாலான நிறுவனங்கள் விலையை வைத்துத்தான் கட்டுகின்றன. ரூ.2,000-க்கு மேல் போனால் எழுது, கீழே இருந்தால் விட்டுவிடு என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். படிவத்திலும் விலைக்கு ஒரு கட்டம் இருக்கும். கொடுத்தவருக்கும் நமக்கும் இடையில் இன்றைய தேதியில் என்ன வேலை நிலுவையில் இருக்கிறது என்பதற்குக் கட்டமே இருக்காது. ஒரு பரிசு நாளை பிரச்சினையாகுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இல்லாத கட்டம்தான்.

800 ரூபாய் ஸ்வீட் பாக்ஸ் ஒன்று, வருடாந்திர ரேட் கான்ட்ராக்ட் (ஆண்டு முழுவதற்கும் விலை பேசி முடிக்கும் ஒப்பந்தம்) கையெழுத்தாகி ஆறு மாதம் கழித்துப் பண்டிகைக்கு வந்தால் அது மரியாதை. அதே பாக்ஸ், மூன்று கொட்டேஷன் மேஜையில் இருக்கும் வாரத்தில் மூவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், விலை என்னவாக இருந்தாலும் எழுத வேண்டிய விஷயம். பொருளும் விலையும் மாறவில்லை, வந்த நேரம்தான் மாறியிருக்கிறது.

உலக அளவில் இதைப் புரியவைக்கும் வழக்கு ஒன்று உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு பிஎச்பி பில்லிட்டன் சுரங்க நிறுவனம் அரசு அதிகாரிகளும் அரசு நிறுவன ஊழியர்களுமாக 176 பேரை அழைத்தது. அவர்களில் 60 பேருக்கு நிறுவனமே செலவு செய்தது. ஓட்டல், டிக்கெட், ஊர் சுற்றல் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் 12,000 முதல் 16,000 டாலர். நிறுவனத்திடம் படிவம் இல்லாமல் இல்லை. அழைக்கப்படுபவரிடம் நமக்கு ஏதாவது பேச்சுவார்த்தையோ அனுமதியோ நிலுவையில் உள்ளதா என்ற கேள்வியும் அதில் இருந்தது. பல படிவங்களில் அந்தப் பதில் தவறாகவோ அரைகுறையாகவோ இருந்தது, அழைப்பை அனுப்பும் துறைக்கு வெளியே அவற்றைச் சரிபார்க்க யாரும் இல்லை. 2015 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த அபராதம் 2.5 கோடி டாலர். கேள்வியை அச்சடித்து வைத்தால் போதாது. பதிலைப் படித்து, அது உண்மையா என்று கேட்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

முதலில் எதிரில் இருப்பவர் யார்

ஊழல் தடுப்புச் சட்டம், 1988-இல் 2018-ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அரசு ஊழியருக்கு முறையற்ற ஆதாயம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. தண்டனை ஏழு ஆண்டு வரை. கட்டாயப்படுத்தி வாங்கப்பட்டிருந்தால் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். நிறுவனத்துக்காக வேறு யாராவது கொடுத்திருந்தாலும் 9-ஆம் பிரிவின்படி நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அதில் ஓர் இயக்குநரின் சம்மதம் இருந்தது என்று நிரூபணமானால் அவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. தடுப்பதற்குப் போதுமான நடைமுறைகள் எங்களிடம் இருந்தன என்று காட்டுவது நிறுவனத்துக்கு இருக்கும் தற்காப்பு. அன்று பரிசுப் பதிவேட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். நிரப்பாத பதிவேடு நமக்கு எதிரான சாட்சியாகவும் மாறும்.

நடைமுறையில் பலர் தடுமாறுவது, யார் அரசு ஊழியர் என்பதில். ஆர்டிஓ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கஸ்டம்ஸ் என்றால் எல்லோருக்கும் சட்டென்று தெரிகிறது. பொதுத்துறை நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேனேஜர், அரசு மருத்துவமனை ஸ்டோர் அதிகாரி, தேசிய வங்கியின் கிளை மேலாளர் ஆகியோரை 'கஸ்டமர்' என்றே சேல்ஸ் டீம் எழுதுகிறது. தனியார் வங்கியின் உயர் அதிகாரிகளும் இந்தச் சட்டத்தின்படி பொது ஊழியர்களே என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் பலர் காதுக்கு எட்டவில்லை. அதனால் படிவத்தில் 'அரசு ஊழியரா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அவர் வேலை பார்க்கும் இடம் அரசுத் துறையா, பொதுத்துறையா, வங்கியா, பல்கலைக்கழகமா, தனியாரா?' என்று தேர்வு செய்யும்படி கொடுங்கள். ஆம்-இல்லை என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்று டிக் அடிப்பார்கள். இடத்தைக் கேட்டால் யோசித்துத்தான் பதில் வரும்.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 13-ஆம் விதி, எப்போதாவது ஒரு சாப்பாடு, வண்டியில் லிஃப்ட் போன்ற சாதாரண உபசரிப்பைப் பரிசாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் அலுவல் தொடர்புள்ள நிறுவனத்திடமிருந்து ஆடம்பரமான உபசரிப்பையும் *அடிக்கடி* நடக்கும் உபசரிப்பையும் தவிர்க்கச் சொல்கிறது. அந்த 'அடிக்கடி' நம் பதிவேட்டுக்கும் வேண்டும். ஒவ்வொரு முறையும் 600 ரூபாய் மதிய உணவுதான், ஆனால் ஒரே இன்ஸ்பெக்டருடன் வாரா வாரம் என்றால் அது எந்த விலை வரம்பிலும் சிக்காது.

படிவத்தில் இருக்க வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் நிரப்ப மாட்டார்கள். கொடுத்தவர் பெயர், பதவி, நிறுவனம், வெண்டர் (நமக்குப் பொருளோ சேவையோ விற்பவர்) என்றால் அவருக்குரிய வெண்டர் கோட், வாங்கியவர் பெயர், துறை, வந்த தேதி, எழுதிய தேதி, பொருள் என்ன, எப்படி வந்தது, கையிலா, கூரியரிலா, வீட்டுக்கா, ஆபீசுக்கா, மதிப்பு, அந்த மதிப்பை எப்படிக் கணக்கிட்டோம், சந்தர்ப்பம், நிலுவையில் உள்ள வேலை, கடைசியில் பொருள் என்ன ஆனது. இவ்வளவு போதும். வந்த ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத வேண்டும் என்று வையுங்கள்.

'நிலுவையில் உள்ள வேலை' கட்டத்தை வாங்கியவர் கையில் மட்டும் விடாதீர்கள். கம்ப்ளையன்ஸ் ஆள், அதாவது விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பவர், அந்த வெண்டர் கோடைப் போட்டுத் தேடினால் திறந்திருக்கும் கொட்டேஷன், புதுப்பிக்க வேண்டிய கான்ட்ராக்ட், நிறுத்தி வைத்திருக்கும் பில், தரப் பரிசோதனையில் நிராகரித்த லாட் எல்லாம் தெரிந்துவிடும். முன்னும் பின்னும் 90 நாள் பார்த்தால் படம் கிடைக்கும். பரிசு வந்தபோது எதுவும் இல்லாமல், இருபது நாள் கழித்து டெண்டர் திறக்கப்பட்டிருக்கலாம். அதனால்தான் பின்னாலும் பார்க்க வேண்டும்.

மதிப்பு போடுவதில் தொடர்ந்து வரும் தவறுகள் சில. ட்ரை ஃப்ரூட்ஸ் ஹேம்பரில் விலை ஒட்டாமல் வரும். வாங்கியவர் '500 இருக்கும்' என்று எழுதுவார். கடையின் தளத்தில் அதே பெட்டியின் விலையைப் பார்த்து அந்தப் பக்கத்தைச் சேர்த்து வைக்கவேண்டும். சேப்பாக்கத்தில் நடக்கும் ஐபிஎல் ஆட்டத்துக்கு டிக்கெட் வந்தால் அச்சிட்ட விலை மட்டும் போதாது. கார்ப்பரேட் பாக்ஸ் என்றால் சாப்பாடும் சேர்ந்த முழு விலை. விருந்துக்கு, வரியோடு சேர்த்த பில்லை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பில் ரூ.18,400, உட்கார்ந்தது ஆறு பேர் என்றால் தலைக்கு ரூ.3,067. இங்கே நடக்கும் தில்லுமுல்லு, தலைகளைக் கூட்டுவது. பத்துப் பேர் என்று எழுதினால் தலைக்கு ரூ.1,840 ஆகி வரம்புக்குள் வந்துவிடும். ஒவ்வொருவர் பெயரும் நிறுவனமும் எழுதச் சொல்லுங்கள், 'மற்றும் குழுவினர்' என்பதை ஏற்காதீர்கள். பில்லின் மேலே எத்தனை பேர் என்று பல ஓட்டல்கள் அச்சடித்திருக்கும், அதோடு ஒப்பிடுங்கள்.

ஒரு முறைக்கான வரம்போடு, ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு எவ்வளவு என்ற மொத்த வரம்பும் வேண்டும். ஒரு முறைக்கு 2,000, ஆண்டுக்கு 5,000 என்று வைத்திருந்தால், பொங்கலுக்கு 1,800, ஆயுத பூஜைக்கு 1,800, தீபாவளிக்கு 1,800 என்று வருவது மூன்றாவது முறையில் பிடிபடும். இதற்கு வரம்புக்குக் கீழே உள்ளவையும் பதிவாக வேண்டும். பேனா, டைரி, காலண்டர் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதச் சொல்வதே எங்கள் சிபாரிசு. ஒப்புதல் மட்டும் வரம்புக்கு மேல் போனால் போதும்.

பணத்துக்கும் பணத்துக்குச் சமமானவற்றுக்கும் வரம்பே கிடையாது, ஒரு ரூபாய்கூடக் கூடாது. தங்கக் காசு, வெள்ளி விளக்கு, கிஃப்ட் கார்டு, பெட்ரோல் கூப்பன், ஃபோன்பே கேஷ்பேக் லிங்க் எல்லாம் இதில் அடங்கும். வெள்ளிக் குங்குமச் சிமிழ் மங்கலப் பொருள் என்று வாதம் வரும். எடை போட்டு விற்கக்கூடிய பொருள் அது, திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

பண்டிகை மாதம்

வேலை அக்டோபரில் அல்ல, செப்டம்பரில் தொடங்க வேண்டும். தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பு எல்லா வெண்டர்களுக்கும் கடிதம் போக வேண்டும். கம்ப்ளையன்ஸ் பெயரில் போனால் வெண்டர் அதைச் சுற்றறிக்கை என்று ஒதுக்கிவிடுவார். பர்ச்சேஸ் ஹெட் கையெழுத்தில் போகட்டும். வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள், ஏனென்றால் பெரும்பாலான சங்கடம் வீட்டு வாசலில்தான் நடக்கிறது. ஆபீசுக்கு வந்தால் ரிசப்ஷனில் நான்கு பேர் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தால் குழந்தை பெட்டியைப் பிரித்துவிட்டிருக்கும்.

பெட்டி வந்துவிட்டால்: பிரிக்காமல் ஒரு போட்டோ, கூரியர் சீட்டு தெரிய இன்னொரு போட்டோ. அன்றே படிவம். கெட்டுப்போகும் பண்டம் என்றால் ஆபீஸ் பேண்ட்ரியில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கலாம். பதிவில் 'பகிரப்பட்டது' என்று போடுங்கள். பிரித்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றாலும் பதிவு செய்ய வேண்டும், அதற்காக யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது. ஏற்க அனுமதியில்லாத, கெடாத பொருளை நிறுவனத்தின் கணக்கில், நிறுவனத்தின் கூரியரில், ஒப்புகையோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஊழியர் தன் செலவில் அனுப்பினால் அது அவருக்கும் வெண்டருக்கும் இடையிலான தனிப்பட்ட விஷயம்போல் ஆகிவிடும். கூடப் போகும் கடிதம் மரியாதையாக இருக்கட்டும்:

'அன்புடையீர், தங்கள் தீபாவளி வாழ்த்துக்கு நன்றி. எங்கள் நிறுவன விதிப்படி வணிகத் தொடர்புள்ளவர்களிடமிருந்து இத்தகைய பரிசுப் பொருட்களை நாங்கள் ஏற்பதில்லை. பொருளை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். இது எல்லோருக்கும் பொதுவான விதி. நம் தொழில் உறவில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.'

கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் தன் ஆர்டர் போகப்போகிறது என்று நினைத்து, வெண்டர் இன்னும் பெரிய பெட்டியோடு நேரில் வந்து நிற்பார்.

திருப்ப முடியாததை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுப்பதாக இருந்தால் ரசீது நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும். ஊழியர் தன் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டால் பரிசைத் தன் சொந்த நன்கொடையாக மாற்றிக்கொண்டார் என்றுதான் பொருள்.

நம் ஊரில் இதைவிடக் கடினமானது மொய். பர்ச்சேஸ் மேனேஜர் மகள் கல்யாணம், ஸ்டோர் சூப்பர்வைசர் வீட்டுக் காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வந்தால் சப்ளையர்கள் வருவார்கள், எழுதுவார்கள். மண்டபத்தில் வைத்து வேண்டாம் என்று சொல்வது வந்தவரை அவமதிப்பது. வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வரும் பாலிசியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது, அதனால் உள்ளூர் கம்ப்ளையன்ஸ்தான் வழி சொல்ல வேண்டும். நல்ல வேளையாக மொய்யில் பதிவு ஏற்கனவே இருக்கிறது. விசேஷத்துக்கு முன்பே ஊழியர் கம்ப்ளையன்ஸிடம் தேதியைச் சொல்லிவிட வேண்டும். அழைப்பிதழை வெண்டர்களுக்கு ஆபீஸ் மெயிலில் அனுப்பக் கூடாது. விசேஷம் முடிந்து பத்து நாளுக்குள், மொய் நோட்டில் உள்ள வெண்டர் பெயர்களை மட்டும் பிரித்து ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். மொய் என்பதற்காகப் பணத்துக்கான தடை தளர்வதில்லை. அவையில் வாங்கியதைப் பிறகு வங்கி வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும், நகையும் அப்படியே. சொந்தக்காரரே வெண்டராக இருந்தால் அது மொய் விவகாரம் அல்ல. உறவு இருக்கிறது என்று முன்பே தெரிவித்து, அந்த வெண்டர் சம்பந்தமான முடிவுகளிலிருந்து அவர் விலகியிருக்க வேண்டிய விஷயம்.

மெஷின் வாங்கும்போது, அனுப்புவதற்கு முன்னான பரிசோதனைக்கு சப்ளையர் செலவில் ஜெர்மனி, தைவான் என்று போவது வழக்கம். பயணச் செலவு யாருடையது என்பதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி, முடிந்தால் நம் நிறுவனமே ஏற்க வேண்டும். வேலை இரண்டு நாள், பயணம் ஏழு நாள் என்றால் நடுவில் உள்ள நாட்கள் பரிசு. மனைவியின் டிக்கெட்டும் பரிசு.

நாம் கொடுக்கும் பக்கம்

வாங்கியதை எழுதச் சொல்வதில் காட்டும் அக்கறை, கொடுப்பதில் காணாமல் போய்விடுகிறது. கொடுத்தவை எல்லாம் கணக்கில் இருக்கும், ஆனால் 'பரிசு' என்ற பெயரில் இருக்காது. பிசினஸ் ப்ரொமோஷன், ஸ்டாஃப் வெல்ஃபேர், கெஸ்ட் செலவு, பூஜைச் செலவு, ஸ்டேஷனரி, பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுக்கான பணம்) ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும். காலாண்டுக்கு ஒரு முறை இந்தக் கணக்குத் தலைப்புகளை எடுத்து, ஸ்வீட் கடை, நகைக்கடை, மதுக்கடை, ஈவென்ட் டிக்கெட் பில்களைப் பதிவேட்டோடு ஒட்டிப் பாருங்கள்.

இன்னும் எளிய வழி, வரிப் பிரிவில் ஏற்கனவே இருக்கும் இரண்டு பட்டியல்கள். பரிசாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. அதனால் எந்தெந்த பில் பரிசு என்று ஜிஎஸ்டி பார்ப்பவர் தனியாகப் பிரித்து வைத்திருப்பார். அடுத்தது, 2022 ஜூலை 1-இல் வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவாக வந்த பிடித்தம்: தொழில் தொடர்பில் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.20,000-க்கு மேல் ஆதாயம் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். டீலர் டூர், டீலருக்குக் கொடுத்த டிவி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். வரிக்காரர் பட்டியலில் இருக்கிறது, பரிசுப் பதிவேட்டில் இல்லை என்றால் அப்படிப்பட்ட ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும். இரண்டு துறையும் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தும் இந்தப் பட்டியல்கள் சந்திப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

மருந்துத் துறைக்குத் தனி விதி. மருத்துவர்களுக்குக் கொடுத்த தங்கக் காசு, டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப் போன்றவற்றின் செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறையும் மருத்துவருக்கோ குடும்பத்தினருக்கோ பரிசு கூடாது என்கிறது. தகவல், கல்விக்கான பொருளுக்கும் ஒன்றுக்கு ரூ.1,000 தான் உச்சம். அந்தத் துறையில் இருப்பவர்கள் பொதுவான பரிசுப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கஸ்டம்ஸ் ஏஜென்ட், லைசென்ஸ் கன்சல்டன்ட் போன்றவர்களின் பில்லில் 'இதர செலவு' என்று ரசீது இல்லாமல் ஒரு தொகை வரும். பண்டிகை மாதத்தில் அந்தத் தொகை பெருத்திருந்தால் நம் பெயரில் அவர் யாருக்கோ கொடுத்திருக்கிறார் என்று சந்தேகிப்பதுதான் முறை. ரசீது கேளுங்கள், இல்லையென்றால் பில்லை நிறுத்தி வையுங்கள். சட்டத்தின் கண்ணில் அவர் நம்மோடு தொடர்புடைய நபர். 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப வழியில்லை.

தாமதமாக வரும் பதிவுகள்

பதினான்கு பேர் கொண்ட பர்ச்சேஸ் துறையிலிருந்து தீபாவளி மாதத்தில் பதினான்கும் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் கூரியர் ரிஜிஸ்டரைப் பாருங்கள். ஸ்வீட் கடைப் பெயரோடு எத்தனை பெட்டி உள்ளே வந்தது என்று அதில் இருக்கும். ஆட்களைக் குறைசொல்ல இதைச் செய்யவில்லை. எழுதினால் திட்டு விழும் என்ற பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் செய்கிறோம். எழுதியவரைக் கூப்பிட்டு 'ஏன் வாங்கினாய்?' என்று மேனேஜர் கேட்கும் துறையில் அடுத்த வருடம் யாரும் எழுத மாட்டார்கள்.

தாமதமாக எழுதுபவரை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் தேதியை மாற்ற விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எழுதினால் படிவத்தில் அன்றைய தேதி, தாமதத்துக்கான காரணம், அவ்வளவுதான். 'பணத்தை இப்போது கட்டிவிடுகிறேன், முந்தைய தேதியில் ரசீது கொடுங்கள்' என்பதற்கு ஒருபோதும் இடம் தரக் கூடாது. சிங்கப்பூரின் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் வழக்கு கண்முன் இருக்கிறது. 2022 டிசம்பரில் தோஹாவிலிருந்து திரும்பப் பரிசாகக் கிடைத்த பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கான சுமார் 5,700 சிங்கப்பூர் டாலரை அவர் 2023 மே மாதத்தில்தான் செலுத்தினார். அந்தப் பணம் செலுத்தியதே நீதிக்கு இடையூறு செய்த குற்றமாகச் சேர்ந்தது. பரிசுகள் பெற்ற குற்றங்களோடு அதையும் அவர் ஒப்புக்கொள்ள, 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

ஒப்புதல் சங்கிலியில் கடைசியாகக் கவனிக்க வேண்டியது, மேலே இருப்பவர்கள். ஊழியரின் படிவத்தை மேனேஜர் பார்க்கிறார், மேனேஜருடையதைத் துறைத் தலைவர் பார்க்கிறார். எம்.டி.யின் படிவத்தை அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரி மறுக்க மாட்டார். இயக்குநர்களின் பரிசுகள் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போகட்டும், காலாண்டுக்கு ஒரு முறை குழுவின் முன் பட்டியலாக வைக்கப்படட்டும். பதிவுகளைக் குறைந்தது எட்டு ஆண்டு வைத்திருங்கள். கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்குக் கேட்கும் காலம் அதுதான். வேலையை விட்டுப் போனவரின் பதிவுகளுக்கும் இதே எட்டு ஆண்டுதான்.